கட்டை வச்சாச்சா?

எங்கள் அடுக்குமாடியின் கீழே நிற்கும் வண்டிகளில் என் ஜீப்புக்கு மட்டும் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். டைல்ஸ் போட்ட சமதளம். ஹேண்ட் பிரேக்கும் நன்றாகவே பிடிக்கிறது. "இன்னா சார், தேரா இது? முட்டு குடுத்து நிறுத்திகீறீங்க" என்று வாட்ச்மேன் ஒருமுறை கேட்டார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கட்டையைக் காலால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் லிப்டுக்குப் போனேன்.

இந்த வியாதி எனக்கு ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பூந்தமல்லியில் அவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நானும் பாய் என்றேன். என் போனில் அவர் 'ஜீப் பாய்'. எட்டு மாதம் பழகிய மனிதரிடம் பெயர் கேட்கத் தோன்றாமல் போனது இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜீப் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் கழிந்து, கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு வீட்டின் பின்புறம் முருங்கை மரத்தடியில் நின்ற வண்டி அது. என்னைவிட வயதில் மூத்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு கையால் தொடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். எனக்குத் தோன்றிய நாளில் அந்த ஜீப் கண்ணில் பட்டுத் தொலைத்தது. வாங்கினேன். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். "கோழியும் சேர்த்தா?" என்றாள்.

பாயின் பட்டறை பாரிவாக்கம் பக்கம், புறவழிச்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, முன்னால் கொஞ்சம் மண்தரை, கேட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திறப்பு. அந்தத் திறப்பின் குறுக்கே பழைய ரயில்வே கட்டை ஒன்றைப் பாதி புதைத்து வைத்திருந்தார். வண்டி உள்ளே வர வேண்டுமென்றால் அதன் மேல் இரும்புப் பலகை போட்டு ஏற்ற வேண்டும். பலகையை எடுத்துவிட்டால் வருகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுவார்கள். நான் போன முதல் நாளே கால் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன்.

ஜீப்பை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தேன். எந்த மெக்கானிக்காக இருந்தாலும் அப்படிப்பட்ட வண்டியைக் கண்டால் ஒரு சுற்று சுற்றிவந்து தட்டிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான். இவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்துவந்து, வண்டிக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். சாலைப் பக்கம் ஓடியது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. இரண்டு கட்டைகளை எடுத்துவந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்து, குதிகாலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "சொல்லு சார், இன்னா வண்டி?" என்றார்.

அவ்வளவுதான் அவர். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

அவருடைய மொபெட்டின் பெட்டியில் அரைச் செங்கல் ஒன்று இருக்கும். டீக்கடையில் நிறுத்தினால் ஸ்டாண்ட் போட்டு, செங்கலையும் சக்கரத்துக்கு வைப்பார். சொந்தக்காரர் கல்யாணத்தில் பிரியாணி அண்டா இறக்க வந்த வேனுக்கு, அத்தர் பூசிய வெள்ளைச் சட்டை அழுக்காக, மண்டியிட்டுக் கல் தேடி வைத்தாராம். மாப்பிள்ளை வீட்டார் அவரை வேன் கிளீனர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஹாலில் என் மகளின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. பேசிக்கொண்டே தன் செருப்பில் ஒன்றை எடுத்துவந்து அதன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். போகும்போது மறந்து ஒற்றைச் செருப்போடு லிப்டு வரை போய்விட்டார்.

நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் போன் வரும். என் கார் எங்கே நிற்கிறது, சரிவா, சமமா என்று கேட்பார். பேஸ்மென்ட்டில் நிற்கிறது என்றால், அப்போ இறங்கும் வழியில் சரிவு இருக்குமே என்பார். "கட்டை வச்சாச்சா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது கேட்பார். யாராவது வச்சாச்சு என்றால் நம்பமாட்டார். தானே போய்த் தொட்டுப் பார்ப்பார். அடுத்தவன் பேச்சை நம்பி ஒரு வண்டிக்கு அடியிலும் அவர் போனதில்லை.

இன்னொன்று. பட்டறையில் கட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். உட்கார வாகான உயரம். யாராவது அதில் உட்கார்ந்தால் அவருக்குத் தாங்காது. "எந்திரி, எந்திரி, அது சீட்டு இல்ல" என்று பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார். வாடிக்கையாளர், போலீஸ்காரர் என்று பார்ப்பதில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்த மாஸ்டர்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். நான் பாயைக் கேலி பண்ணி ஏதோ பேசினேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால் பாயும் அவர் தம்பியும் மாங்காட்டுப் பக்கம் சேர்ந்து பட்டறை வைத்திருந்தார்கள். ஒரு வேனுக்கு பிரேக் கழற்றியிருந்தது. தம்பி சுவர் ஓரமாக உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். பாய் சாமான் வாங்கப் போயிருந்தார். வேன் தானாக நகர்ந்து தம்பியைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. பாய் திரும்பி வந்தபோது தம்பிக்கு உயிர் இல்லை. கட்டை தள்ளி ஓரமாகக் கிடந்ததாம். கட்டை வைக்காமல் போனது நான்தான் என்று எல்லோரிடமும் அவரே சொல்லிவிட்டார். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

இதைப் பற்றி பாய் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். ஜீப்பின் முன் அச்சுக்கு அடியில் படுத்திருந்தார், எனக்கு அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. "வச்ச மாரியும் ஞாபகம் கீது சார், வைக்காத மாரியும் ஞாபகம் கீது" என்றார். ஒரு ஸ்பானரைக் கேட்டார். கொடுத்தேன்.

அதனால்தான் எதையும் ஒருமுறை செய்து அவரால் விட முடியவில்லை. நட்டை இறுக்குவார், வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுவார், மறுநாள் காலை வந்து அதையே கழற்றி மறுபடி இறுக்குவார். ஜீப்பின் அடித்தகடு முழுக்கத் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தார். வைத்த இடத்தையெல்லாம் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கதவில்லாத அந்த வண்டியின் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது பச்சைக்குக் கீழே மண்நிறம், அதற்குக் கீழே இன்னொரு பச்சை என்று வந்துகொண்டே இருந்தது. இன்ஜின் முதல்முறை உறுமிய அன்று நான் குதித்தேன். அவர் ஓடிப்போய்க் கட்டையைப் பார்த்தார்.

வேலை சுத்தம். ஆனால் முடியாது. பொங்கலுக்கு என்றார், சித்திரைக்கு என்றார். ஆனி மாதமும் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் என் மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கினார். ஆடி பிறந்துவிட்டால் வண்டிக்குப் பூஜை போடக் கூடாது என்பது அவர் கட்சி. அறுபது வருடத்துப் பழசுக்கு எதற்கு அத்தை நாள் கிழமை என்று கேட்டுப் பார்த்தேன். உங்களுக்குப் புதுசுதானே என்று வாயை அடைத்துவிட்டார். ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமை, ராகுகாலம் முடிந்து பன்னிரண்டேகாலுக்கு மேல் நல்ல நேரம்.

பாயிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். பிரேக் பைப் எல்லாம் கழற்றிப் போட்டிருந்தார். ஹேண்ட் பிரேக்கும் கையோடு வந்திருந்தது. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டையும் கழற்றியிருந்ததால் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. இன்னும் நாலு நாள் ஆகும் என்றார். ஓட்டப் போவதில்லை, வெறும் பூஜைதான் என்றேன். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் அவர் தொழுகைக்குப் போக வேண்டும். கடைசியில் இறங்கிவந்தார்.

"பூஜை போட்டுக்க சார். வண்டிய மட்டும் நகத்தாத. நான் தொழுதுட்டு வந்துர்றேன்."

அன்று நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்தார். மொபெட்டில் கிளம்பினார். பத்தடி போய்த் திரும்பி வந்து நாலையும் தொட்டுப் பார்த்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பாங்கு சத்தம் கேட்ட பிறகுதான் அவர் ஒருவழியாகப் போனார்.

மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. கடைசியில் மாமியார் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டி ஏறி நசுக்க வேண்டும். நகர்த்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அத்தை என்றேன். பழம் நசுங்காமல் என்ன பூஜை என்றார் அவர். ஒரு சாண் தள்ளினால் போதும். தரையைப் பார்த்தேன், சமமாகத்தான் இருந்தது. பாயின் பயம் ஊரறிந்த பயம். நாலு கட்டைகளையும் நான்தான் எடுத்தேன். எடுத்து ஓரமாக அடுக்கினேன். அந்த இடத்தில் பழங்களை வைத்தேன்.

போட்டோவுக்காக மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருந்தாள் என் மனைவி. மகளுக்கு ஐந்து வயது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் ஒரு கையால் லேசாகத் தள்ளினேன்.

பழங்கள் நசுங்கின. வண்டி நிற்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன், வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். செருப்பு மண்ணில் வழுக்கிக்கொண்டே போனது. மனைவி ஒரு கையில் போனோடு முன்னால் ஓடினாள். முன்னால் போகாதே என்று கத்த வேண்டும் என்று தெரிகிறது, இரண்டு கையாலும் கம்பியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். சர்வீஸ் ரோட்டில் எம்சாண்ட் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மகள் வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தாள்.

திறப்பில் புதைத்திருந்த ரயில்வே கட்டையில் முன்சக்கரம் இரண்டும் மோதி, வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. லாரி எங்களைக் கடந்து போனது. அதன் காற்றில் ஜீப்பில் போட்ட மாலை ஆடியது. "இன்னொரு தடவைப்பா" என்றாள் மகள்.

டீ மாஸ்டரும் கடையில் நின்ற இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். எல்லோருமாக வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். நான் கட்டைகளைத் திரும்ப வைத்தேன். நசுங்கிய பழங்களைப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டேன். பாயிடம் சொல்ல வேண்டாம் என்று மாஸ்டரிடம் கெஞ்சினேன். ஏன் அப்படிச் செய்தேன்? பயம், வெட்கம், இரண்டும். திட்டு வாங்கத் தெம்பில்லை. நடக்காததுபோல் ஆக்கிவிட்டால் நடக்காததாகிவிடும் என்று நினைத்திருப்பேன்.

பாய் வந்தார். தொப்பியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே, பூஜை ஆச்சா என்று கேட்டார். சர்க்கரைப் பொங்கலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போலக் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். வலது முன்சக்கரத்தில் கட்டை திரும்பி இருந்தது. சாய்வாகச் செதுக்கிய முகம் டயரைப் பார்த்து இருக்க வேண்டும். நான் வைத்தது வெளிப்பக்கம் பார்த்து இருந்தது.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

"இத நான் வச்சனா?" என்றார்.

"நீங்கதானே பாய் வச்சீங்க" என்றேன்.

தம்பியின் கதை முழுக்கத் தெரிந்தும்தான் சொன்னேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதிலேயே அர்த்தம் இல்லை.

அவர் கட்டையை எடுத்துத் திருப்பி வைத்தார். வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பொங்கலில் எறும்பு ஏறிவிட்டது.

அதன் பிறகு ஜீப் முன்னால் போகவில்லை, பின்னால் போனது. மறுநாள் போனபோது, முடிந்துபோன முன்சக்கர வேலையைப் பிரித்துப் போட்டிருந்தார். அதற்கு மறுநாள் ஸ்டியரிங் கழன்றிருந்தது. நான் செஞ்சது சரியில்லை சார், ஒருதரம் பாத்துர்றேன் என்றார். வேறு இரண்டு வண்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். டீக்குக்கூடப் பட்டறையைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் போகவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாராம். மாஸ்டர்தான் எனக்குப் போன் செய்தார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார் மாஸ்டர். சார் போட்டுப் பேசுகிறவர், அன்று போடவில்லை.

என் மனைவி முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லிவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தூக்கத்தில் புரண்டால்கூட எழுந்து பார்த்தேன். சனிக்கிழமை நேராகப் பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழம், தள்ளியது, லாரி, ரயில்வே கட்டை, கடைசியில் நான் சொன்ன பொய்.

"பாப்பா உள்ளயா இருந்துச்சு?" என்றார்.

"ஆமா பாய்."

கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் என்னவோ ஓதினார். இப்போது அடிப்பார், அடித்தால் நல்லது என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அப்ப நான் வச்சேன்" என்றார்.

"நாலும் சரியா வச்சீங்க பாய். நான்தான் எடுத்தேன்."

"நான் வச்சேன்" என்று மறுபடியும் சொன்னார். இந்த முறை எனக்காகச் சொல்லவில்லை. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சுவர் ஓரம் அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப அன்னிக்கும் யாராச்சும் எட்துருப்பாங்களோ சார்? குந்தறதுக்கு, எதுக்குனா?"

எடுத்திருப்பார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கு அது எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஏற்கனவே ஒரு பொய் சொன்ன வாய் அது. தெரியவில்லை பாய், எடுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "எட்துட்டு பயந்துருப்பான்" என்றார். "உன்ன மாரி." கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்து சொல்லிருந்தா இன்னா சார், நான் இன்னா பண்ணிரப் போறேன் அவன" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி எழுந்து, மக்கில் தண்ணீர் எடுத்து முகத்தைக் கழுவினார். மிச்சத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது எங்கே ஓடுகிறது என்று நின்று பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, உடம்பை நகர்த்தி ஜீப்புக்கு அடியில் போனார். எனக்கு அவர் கால் மட்டும்தான் தெரிந்தது.

"சார், கட்டை வச்சாச்சா பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் குனிந்து நாலு சக்கரத்தையும் சுற்றிவந்தேன். ஒவ்வொரு கட்டையையும் கையால் தொட்டு, அசைத்துப் பார்த்தேன்.

"இருக்கு பாய்" என்றேன்.

அவர் வெளியே வந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நட்டு இறுக்கும் சத்தம் கேட்டது.